கிறீன்லாந்தின் பதினொரு பேர்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில், நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் ஓய்வறையில், என்னோடு பல ஆண்டுகளாக ஒரே இயந்திரத்தில் நிற்கும் கிறீன்லாந்துக்காரர் தம் கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். வட, மத்திய அமெரிக்காவையும் கரீபியத் தீவுகளையும் சேர்ந்த 41 சங்கங்களின் கூட்டமைப்பான கொன்ககாஃப், தன்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்படி கிறீன்லாந்து உதைபந்தாட்டச் சங்கம் விடுத்த விண்ணப்பத்தை ஒருமனதாக நிராகரித்துவிட்டது என்ற செய்தியை அப்போதுதான் அவர் வாசித்திருந்தார். தமக்காக ஒரு குரல்கூட எழவில்லை என்பதுதான் அவரை அதிகம் வருத்தியது. பிறகு அவர் டெனிஷ் மொழியில் சொன்ன ஒரு வசனம் என் மனத்தை விட்டு அகலவில்லை: "கைப்பந்தில் நாங்கள் ஒரு நாடு. உதைபந்தில் நாங்கள் ஒரு நாட்டின் மூலை."

அவர் சொன்னது மிகைப்பேச்சு அன்று. ஹாண்ட்போல் என்று இங்கு எல்லோரும் கொண்டாடுகிற கைப்பந்தாட்டத்தில் கிறீன்லாந்தின் ஆண்கள் அணி 2001, 2003, 2007ஆம் ஆண்டுகளின் உலகக் கிண்ணப் போட்டிகளில் விளையாடியிருக்கிறது. பெண்கள் அணி 2023இல் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்று, சிவப்பும் வெள்ளையுமான தன் கொடியோடு அரங்கில் இறங்கியதை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதே மக்கள், அதே கொடி, சில வேளைகளில் அதே குடும்பத்தின் பிள்ளைகள், கையால் எறியும் பந்தைக் காலால் உதைக்கத் தொடங்கியதும் உலகத்தின் கண்ணுக்குத் தெரியாதவர்களாகிவிடுகிறார்கள். இந்த முரண்பாடு எப்படி உண்டாயிற்று என்று தேடத் தொடங்கியவன், இப்போது அந்த அணியின் இரசிகனாகவே ஆகிவிட்டேன். ஈழத்திலிருந்து வந்து டென்மார்க்கில் வாழும் ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்கான பதிலைக் கட்டுரையின் போக்கில் சொல்வேன்.

கிறீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 21 இலட்சத்து 66 ஆயிரம் சதுர கிலோமீற்றர். அதில் ஐந்தில் நான்கு பங்கு நிரந்தரப் பனிப்பாளத்தின் கீழ் இருக்கிறது. மக்கள் தொகை 57 ஆயிரத்தைத் தாண்டாது. தலைநகரமான நூக்கில் மட்டும் அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் வாழ்கிறார்கள். ஒரு நகரத்தையும் அடுத்த நகரத்தையும் இணைக்கும் வீதி என்று எதுவும் அங்கு இல்லை. கரையோரத்தில் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கிடையே விமானத்திலோ உலங்குவானூர்தியிலோ படகிலோதான் போகவேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில் வாரந்தோறும் ஊருக்கு ஊர் சென்று விளையாடும் லீக் போட்டி நடத்துவது முடியாத காரியம். எனவே முதலில் பகுதிவாரியாகத் தகுதிச் சுற்றுகளை நடத்தி, வென்ற அணிகளையெல்லாம் கோடையில் ஒரே நகரத்தில் கூட்டி, ஏறத்தாழ ஒரே வாரத்துக்குள் தேசிய வாகையரைத் தீர்மானித்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த நாள்களில் அடுத்தடுத்த ஆட்டங்கள். காலில் வீக்கம் கண்டவர் மறுநாளும் இறங்கவேண்டும். 1971ஆம் ஆண்டிலிருந்து இந்த முறையில்தான் போட்டி நடக்கிறது. சங்கமும் அதே ஆண்டில்தான் நிறுவப்பட்டது.

கழகங்களின் பெயர்களை முதன்முறை பார்த்தபோது அவை விமானங்களின் பெயர்கள் போல எனக்குத் தோன்றின: நூக்கின் பி-67, இலுலிசாட்டின் என்-48, கக்கோர்தொக்கின் கே-33. கழகம் தொடங்கப்பட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களே அவை என்று நண்பர் விளக்கினார். ஆக, கக்கோர்தொக் என்னும் அந்தச் சிறிய தென்பகுதி ஊரில் 1933இலேயே விளையாட்டுக் கழகம் இருந்திருக்கிறது. உதைபந்தாட்டம் அங்கு நேற்று முளைத்ததல்ல என்பதற்கு அந்த இலக்கங்களே சாட்சி. மொழியிலும் அதற்குச் சாட்சி உண்டு. இரவு வானத்தில் பச்சையும் ஊதாவுமாக அசையும் வடதுருவ ஒளியை அவர்கள் அழைக்கும் சொல்லுக்குப் 'பந்து விளையாடுபவர்கள்' என்று பொருள். இறந்தவர்களின் ஆவிகள் கடற்பசுவை ஒத்த பெரும் தந்தமுடைய வால்ரஸ் என்னும் விலங்கின் மண்டையோட்டைப் பந்தாக உதைத்து விளையாடுவதே அந்த ஒளி என்று முன்னோர் நம்பினார்கள். சங்கத்தின் பெயரில் வரும் 'அர்சாத்தார்துத்' என்ற சொல்லும் பந்தைக் குறிக்கும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

திடலுக்கேற்ற புல் வளர்வது அரிதான மண் அது. பல தலைமுறைகள் சரளையும் மணலும் பரப்பிய திடலிலேயே விளையாடின. விழுந்தெழும்பும் ஒவ்வொருவரின் முழங்காலும் அதற்கு விலை கொடுத்தது. 2010இல் கக்கோர்தொக்கில் செயற்கைப் புல்தரை அமைக்கப்பட்ட பிறகு நிலைமை மாறத் தொடங்கி, பின்னர் நூக்கிலும் வேறு ஊர்களிலும் அத்தகைய தரைகள் வந்தன. நூக்கின் திடலில் பார்வையாளர்கள் பக்கத்துப் பாறைச் சரிவிலேயே ஏறி அமர்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார்கள். எந்தக் கட்டடக் கலைஞரும் அதைவிட நல்ல பார்வையாளர் மாடத்தை அமைத்துவிட முடியாது என்பது என் எண்ணம்.

இனி, கிறீன்லாந்து அடங்கியிருக்கும் டெனிஷ் முடியாட்சிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு நிலத்தைப் பார்க்கவேண்டும். பரோ தீவுகளும் கிறீன்லாந்தைப் போலவே தன்னாட்சி பெற்ற பகுதிதான். தனி இறைமையுள்ள நாடு அன்று. 1980இல் ஐஸ்லாந்தில் நடந்த ஒரு சிறிய சுற்றுப்போட்டியில் கிறீன்லாந்து தன் முதலாவது பன்னாட்டு ஆட்டத்தை ஆடியபோது அதற்கு எதிரே நின்றது பரோ அணி. 6-0 என்று பரோ வென்றது. எனினும் அன்றைக்கு இரண்டுமே வாசலுக்கு வெளியே நின்ற அணிகள். 1988இல் பரோ ஃபிஃபாவிலும் 1990இல் ஐரோப்பியக் கூட்டமைப்பான யூஃபாவிலும் உறுப்புரிமை பெற்றது. அந்த ஆண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி, சொந்த மண்ணில் புல்தரை இல்லாத காரணத்தால் சுவீடனின் லான்ட்ஸ்குரூனா நகரில் ஆடவேண்டியிருந்த தன் முதலாவது தகுதிகாண் ஆட்டத்தில், டோர்கில் நீல்சன் அடித்த ஒரேயொரு கோலால் ஒஸ்திரியாவைத் தோற்கடித்து ஐரோப்பாவையே திகைக்க வைத்தது. நான் அப்போது டென்மார்க்குக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. மொழி பாதிதான் புரியும். ஆனாலும் உச்சியில் குஞ்சம் தொங்கும் கம்பளித் தொப்பியோடு நின்ற பரோவின் பந்துக்காப்பாளரை மறுநாள் செய்தியில் காட்டியபோது, வெற்றி பெற்றது யார் என்று யாரும் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை. அதே தகுதிகாண் குழுவில் டென்மார்க்கும் இருந்தது. ஒரே முடியாட்சியின் இரண்டு அணிகள் கொப்பன்ஹேகனில் மோதிக்கொண்டன; டென்மார்க் 4-1 என்று வென்றது; வானம் இடிந்து விழவில்லை.

அன்றைக்குப் பரோவின் மக்கள் தொகை 50 ஆயிரத்துக்கும் குறைவு. கிறீன்லாந்தில் அதைவிட அதிகமானோர் இருந்தார்கள். புல்தரை இரண்டிலும் இல்லை. சட்டப்படியான நிலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. பரோ அன்று கதவைத் தட்டியது; கிறீன்லாந்து தட்டவில்லை. பயணச் செலவும் திடலின்மையும் தடுத்திருக்கலாம். ஆயினும் அந்தத் தாமதத்தின் விலை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எவரும் அன்று நினைத்திருக்கமாட்டார்கள். 2001ஆம் ஆண்டில் யூஃபா தன் யாப்பை மாற்றி, ஐக்கிய நாடுகள் சபையால் அங்கீகரிக்கப்பட்ட சுதந்திர நாடுகளின் சங்கங்களை மட்டுமே இனிச் சேர்ப்பது என்று விதித்தது. ஸ்பெயினின் தென்முனையில் பிரித்தானியாவின் ஆட்சியில் இருக்கும் கிப்ரால்டர் விண்ணப்பித்ததும் அதை ஸ்பெயின் கடுமையாக எதிர்த்ததுமே அதற்கான உடனடிக் காரணம். விதி வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டோம் என்று விளையாட்டுக்கான நடுவர் மன்றம்வரை சென்று வாதாடிய கிப்ரால்டர் 2013இல் யூஃபாவிலும் 2016இல் ஃபிஃபாவிலும் நுழைந்தது. பரோ ஏற்கெனவே உள்ளே இருந்தது. யாருக்கோ எதிராகப் போடப்பட்ட பூட்டு கடைசியில் கிறீன்லாந்தின் கதவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஃபிஃபாவின் யாப்போ இந்த விடயத்தில் அவ்வளவு கடுமையானதல்ல. இன்னும் சுதந்திரம் பெறாத ஒரு பகுதியின் சங்கம், அது சார்ந்திருக்கும் நாட்டின் சங்கத்தினுடைய சம்மதத்தோடு விண்ணப்பிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு கண்டக் கூட்டமைப்பின் உறுப்பினராக இருந்தாகவேண்டும். உள்வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிவாசலைச் சாத்தி வைத்திருப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே நிற்பதால் என்ன நட்டம் என்பதைப் பலர் சரியாக விளங்கிக்கொள்வதில்லை. உலகக் கிண்ணத்தில் ஆட முடியாது என்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. ஃபிஃபாவின் தரவரிசையில் இடமில்லாத அணியோடு விளையாடுவதால் மற்ற நாடுகளுக்குப் புள்ளி கிடைக்காது. ஆகவே நட்புமுறை ஆட்டத்துக்கு அழைத்தாலும் வருவோர் அரிது. பன்னாட்டு ஆட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட நாள்களில் வீரர்களை விடுவிக்கவேண்டும் என்ற கடப்பாடு கழகங்களுக்கு இவர்கள் விடயத்தில் இல்லை. ஒவ்வோர் உறுப்பினர் சங்கத்துக்கும் திடல், பயிற்சி, பயணம் ஆகியவற்றுக்காக 2023 முதல் 2026 வரையான காலத்தில் 80 இலட்சம் அமெரிக்க டொலர்வரை ஃபிஃபா வழங்குகிறது. வெளியே இருப்பவர்களுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. வீரர்கள் பகலில் தம் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். நீண்ட குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஃபுட்சால் ஆடித் தம்மைத் தயாராக வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் தீவுகளுக்கான விளையாட்டுப் போட்டிதான் அவர்களுக்குக் கிடைத்த பெரிய மேடை. அதில் 2013இலும் 2017இலும் வெள்ளிப் பதக்கம் வென்றார்கள்.

இத்தனைக்கும் நடுவில் இந்தச் சிறிய அணி ஒரு முறை மிகப் பெரிய துணிச்சலைக் காட்டியது. 2001ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி, கொப்பன்ஹேகனின் வான்லூசா மைதானத்தில், இந்தியாவிலும் நேபாளத்திலும் அகதிகளாக வாழ்ந்த இளைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட திபெத்திய அணியோடு அவர்கள் விளையாடினார்கள். அந்த ஆட்டத்தை நிறுத்தும்படி சீனா டென்மார்க்குக்கு நெருக்குதல் கொடுத்தது. கிறீன்லாந்திலிருந்து இறால் வாங்குவதை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலும் எழுந்தது. ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு கடலுணவாக இருக்கும் ஒரு நிலத்துக்கு அது வெறும் வார்த்தை அன்று; மீனவர் வீடுகளின் அடுப்பைத் தொடும் மிரட்டல். அப்படியிருந்தும் அவர்கள் வந்தார்கள், விளையாடினார்கள், 4-1 என்று வென்றார்கள். 1980களில் டென்மார்க் அணியை உருவாக்கி 1986 உலகக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்ற செப் பியொன்டெக் 2000களின் தொடக்கத்தில் கிறீன்லாந்து அணியைப் பயிற்றுவித்தார் என்பதையும் இங்கு சொல்லவேண்டும். உலகத்தின் உச்சி மேடையைக் கண்ட ஒருவர் இந்த அணியைத் தம் தகுதிக்குக் குறைந்ததாகக் கருதவில்லை.

2006இல், ஜேர்மனியில் உலகக் கிண்ணம் தொடங்குவதற்குச் சற்று முன்னர், ஹம்பேர்க்கின் சாங்க்ட் பவுலி கழகம் தன் மைதானத்தில் உலகக் கிண்ணத்துக்கு அழைக்கப்படாதவர்களுக்காக ஒரு சுற்றுப்போட்டியை நடத்தியது. கிறீன்லாந்து, திபெத், தன்சானியாவின் பகுதியான சன்சிபார், வட சைப்பிரஸ், கிப்ரால்டர் ஆகியவற்றோடு அந்தக் கழகமும் தன்னை ஒரு குடியரசாக அறிவித்துக்கொண்டு விளையாடியது. அவர்களுக்குப் பின்னாளில் நேர்ந்ததை நினைத்துப் பார்க்கிறேன். கிப்ரால்டர் இன்று முழு உறுப்பினர். சன்சிபாரை 2017 மார்ச்சில் ஆபிரிக்கக் கூட்டமைப்பு சேர்த்துக்கொண்டு, அது ஒரு தனி நாடு அன்று என்று சொல்லி நான்கே மாதத்தில் நீக்கிவிட்டது. கொடுத்துப் பறிப்பதைக் காட்டிலும் கொடுக்காமலே இருந்திருக்கலாம். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

ஐரோப்பா கைவிட்ட பிறகு கிறீன்லாந்து மேற்கே திரும்பியதில் தருக்கம் இருந்தது. நிலவியலின்படி அது வட அமெரிக்காவின் பகுதி. கொன்ககாஃப் அமைப்போ தனிநாடாக இல்லாத பல நிலங்களுக்கு ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது. மார்ட்டினிக், குவாடலூப், பிரெஞ்சு கயானா, பொனெய்ர், சின்ட் மார்ட்டன், சென் மார்ட்டின் ஆகிய ஆறும் ஃபிஃபாவில் இல்லாமலேயே அதன் உறுப்பினர்களாக விளையாடுகின்றன. நெதர்லாந்து முடியாட்சிக்குள் இருக்கும் குராசோ, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்களோடு, 2025 நவம்பரில் கிங்ஸ்டனில் ஜமைக்காவை 0-0 என்று தடுத்து நிறுத்தி, உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற மிகச் சிறிய நாடு என்ற பெயரைப் பெற்றது. குராசோவுக்கும் கிறீன்லாந்துக்கும் அரசியல் நிலையில் என்ன பெரிய வேறுபாடு? 2024 மே மாதத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஓராண்டு காத்திருந்து, 2025 ஜூனில் பெற்ற பதில் மறுப்பு. இடையில் அமெரிக்க ஜனாதிபதி கிறீன்லாந்தைத் தம் நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று மீண்டும் பேசத் தொடங்கியதால், ஒரு விளையாட்டுச் சங்கத்தின் விண்ணப்பம் உலக அரசியல் செய்தியாகவே வாசிக்கப்பட்டது. அது அவர்கள் தேடிக்கொண்ட வெளிச்சம் அன்று.

மறுபக்க வாதத்தையும் நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். தூரம், கடுங்குளிர், பனி படிந்த திடல், பயணச் செலவு ஆகியவை உண்மையான தடைகள். எல்லாப் பகுதிகளுக்கும் இடம் கொடுத்தால் எல்லை எங்கே என்ற கேள்வியும் பொருளற்றதல்ல. ஆனால் ஒரு நாட்டின் நான்கு பகுதிகள் நான்கு அணிகளாக ஆடும் பிரித்தானியாவைத் தன் பிறப்பிடமாகக் கொண்ட விளையாட்டு இது. எல்லை ஏற்கெனவே பல இடங்களில் வளைந்திருக்கிறது. யாருக்காக, எந்த ஆண்டில் வளைந்தது என்பதே கேள்வியாக இருந்திருக்கிறது. சொந்த மொழியும் சொந்தப் பாராளுமன்றமும் 1985 முதல் சொந்தக் கொடியும் 2009 முதல் விரிவான தன்னாட்சியும் கொண்ட ஒரு மக்கள் அந்த வளைவுக்குள் அடங்கமாட்டார்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வேண்டுமானால் டென்மார்க்குக்காக ஆடட்டுமே என்பார்கள் சிலர். ஆடலாம்தான். நூக்கில் பிறந்த ஜெஸ்பர் குரொன்கியர் டென்மார்க்குக்காக 80 ஆட்டங்களில் ஆடினார்; செல்சி கழகத்துக்கு 2003இல் லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த கோல் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அவர் வளர்ந்ததும் ஆட்டம் கற்றதும் டென்மார்க்கில். இலுலிசாட்டில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பாதை திறப்பது மிக அரிது.

என் அக்கறைக்கான காரணத்தைச் சொல்வதாக எழுதியிருந்தேன். 2014 ஜூனில், கொனிஃபா என்னும் அமைப்பு சுவீடனின் ஒஸ்டர்சுண்ட் நகரில் நடத்திய முதலாவது உலகக் கிண்ணத்துக்கு நண்பர்களோடு மகிழுந்தில் போயிருந்தேன். ஃபிஃபாவுக்கு வெளியே இருக்கும் பன்னிரண்டு அணிகள் அங்கே வந்திருந்தன. நீஸ் பகுதியின் அணி இறுதியில் மான் தீவின் அணியைத் தண்டனை உதைகளில் வென்றது. நாங்கள் போனது தமிழீழ அணியைப் பார்க்க. வெவ்வேறு நாடுகளில் வளர்ந்த பிள்ளைகள்; ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு நாட்டின் மொழி. எதிரணிகள் எங்களைவிடப் பலமானவை, தோல்விகளும் பெரியவை. ஆனால் ஆட்டம் சூடுபிடித்த ஒரு கட்டத்தில், பந்தை வாங்கித் திரும்பிய ஒருவனை நோக்கி மற்றொருவன் "பின்னால ஆள்!" என்று கத்தியதைக் கேட்டபோது, எனக்குப் பக்கத்தில் நின்ற, அறுபது வயதைத் தாண்டிய அண்ணர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிறு வயதில் ஊர்த் திடலில் கேட்ட அதே குரல் அது. அதற்குப் பிறகு, ஒரு கூட்டம் மக்கள் தம் பெயரில் பதினொரு பேரைத் திடலில் இறக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று நான் எவரிடமும் கேட்டதில்லை.

ஜூனில் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்த நண்பர், ஓகஸ்ட் வந்ததும் மீண்டும் பழையபடி ஆகிவிட்டார். கிறீன்லாந்தின் கேஎன்ஆர் ஒளிபரப்பில் வந்த ஆட்டங்களை அவருடைய வீட்டில் சேர்ந்து பார்த்தோம். அவருடைய சகோதரியின் மகன் ஓர் அணியில் இடதுபுறக் காப்பாளன். அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் அவர் கதிரையின் விளிம்புக்கு வந்துவிடுவார். அந்த அணி அரையிறுதிக்குப் போகவில்லை. மறுநாள் மாலை அவர் சகோதரிக்கு அழைப்பு எடுத்து நெடுநேரம் பேசிவிட்டு, எனக்கு டெனிஷில் சொன்னார்: மூடுபனி இறங்கிவிட்டதாம், விமானம் புறப்படவில்லையாம், பிள்ளைகள் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறார்களாம், நேரம் போவதற்காகத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், தங்களைத் தோற்கடித்த அணியோடு கலந்து, மீண்டும் விளையாடிக்கொண்டிருக்கிறார்களாம்.